குப்பாவின் கீழே ஒரு மூச்சு

களனியில் புதிதாக ஒரு பள்ளிவாசல் வேலை வந்திருக்கிறது. சைட்டுக்குப் போடும் என் ஹெல்மெட் கீறி வெடித்துப்போனதால், இன்று காலை அலுமாரியின் மேல்தட்டில் இருந்து உன் மஞ்சள் ஹெல்மெட்டை இறக்கினேன். தூசி தட்டத் திருப்பியபோது, உள்பட்டியில் இருந்து நீ தலைக்கு வைக்கும் அந்தப் பச்சை எண்ணெயின் வாசம் வந்தது. வெள்ளவத்தையின் உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே தின்று தீர்க்கிறது. உன் எண்ணெய் வாசத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தது என்று தெரியவில்லை. அதைத் தலையில் போட எனக்குத் தைரியம் வரவில்லை. மேசையில் வைத்தேன். அது என்னைப் பார்ப்பது போல இருந்ததால் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

உனக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. கொட்டாஞ்சேனைப் பள்ளிவாசலில் பெண்கள் தொழும் மாடியை நாம் இழக்கப் பார்த்தோம். காரணத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரயில் போகும்போதெல்லாம் மேசை நடுங்கும் இந்த அறையில்தான் நாம் இருவரும் பள்ளிகளை வரைந்தோம். எந்தப் பள்ளியைக் கண்டாலும் அது எந்தக் காலத்தது என்று நீ பஸ்ஸுக்குள் இருந்தே சொல்லிவிடுவாய். ஓட்டுக்கூரையும் மரத்தூணும் என்றால் மலையாளக் கரையோடு வியாபாரம் நடந்த காலம். சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்ட செங்கல் வளைவு என்றால் இந்திய வியாபாரிகளின் காலம். பச்சைப் பெயின்ட் பூசிய கொங்கிரீட் வெங்காயம் போலக் கூரையில் உருண்ட குப்பா என்றால் நம் வாப்பாமாரின் காலம். வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்கள் வெள்ளை மாபிள் கல்லோடும் நீலக் கண்ணாடியோடும் திரும்பினார்கள். துருக்கிக்குச் சுற்றுலா போனவர்கள் சீவிய பென்சில் போன்ற மினாராக்களோடு வந்தார்கள். இப்போது வரையும் இளையவர்களுக்குக் குப்பாவே வேண்டாம். வெறும் கொங்கிரீட்டும் துளை விட்ட செங்கல்லும் போதுமாம்.

"எங்கட ஆக்கள் எந்த ஊருக்குப் போறாங்களோ, அந்த ஊர்ப் பள்ளிய பேக்ல போட்டுக் கொண்டு வந்துடுவாங்க புள்ள" என்று நீ சிரிப்பாய். சிரித்து முடிந்ததும் உனக்கு இழுப்பு வந்துவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கடைசியில் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். கதவு திறந்த சத்தம் கேட்காவிட்டாலும், நீ என் பின்னால் வந்து நிற்பதை அந்த விசிலால்தான் அறிந்துகொள்வேன்.

கொட்டாஞ்சேனையின் பழைய பள்ளியை இடிக்கத் தீர்மானித்தபோது நான் அழாக்குறையாக நின்றேன். தாழ்ந்த ஓட்டுக்கூரை, கைபட்டுக் கைபட்டு வழவழத்த தூண்கள், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் தொட்டியில் சாம்பல் நிற மீன்கள். இதையெல்லாம் படம்பிடித்தேன். ஒரு கூட்டத்தில் காட்டிப் பேசவேண்டும் என்று நான் சொன்னேன். நீ அந்தத் தெருவில் பிறந்தவள். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தாய்.

"வடிவுதான். ஆனா நான் இத உள்ளுக்கு இருந்து இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றாய். "அம்பது மீற்றர்ல எங்கட வீடு. ஒருநாளும் என்ன உள்ளுக்கு விடல்ல."

அதற்குப் பிறகு அந்தப் பள்ளியின் அழகைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.

நீ வரைந்த புதிய பள்ளியில் குப்பா இல்லை. காற்று வரும் உயரமான கூரை, கீழே ஆண்கள், பின்பக்கத்து மாடி முழுவதும் பெண்களுக்கு. நிர்வாகசபையின் தலைவர் ஹாஜியார் அந்தப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். "குப்பா இல்லாட்டி இது பள்ளியா, கல்யாண மண்டபமா?" என்று கேட்டார். தான் துபாயில் கண்ட ஒரு குப்பாவை டெலிபோனில் காட்டினார். மாடியைப் பற்றி ஒருவருமே வாய் திறக்கவில்லை. பெட்டிஸ் பலகாரத் தட்டு ஒரு சுற்று வந்து முடிந்தது. பிறகு சொன்னாய்.

"குப்பாவ நீங்க எடுங்க ஹாஜியார். மாடிய எங்களுக்குத் தாங்க."

அப்படித்தான் அந்தப் பேரம் முடிந்தது. பஸ் தரிப்பிடத்தில் நான் உன்னோடு சண்டை பிடித்தேன். மலைப்பாம்பு முட்டை போல ஒன்றைத் தூக்கி உன் கட்டடத்தின் தலையில் வைக்கப் போகிறார்களே என்று கத்தினேன். "வைக்கட்டும். முட்டைக்குக் கீழ ஆர் நிக்கிறாங்க என்டதுதான் எனக்கு முக்கியம்" என்றாய். ஆனாலும் நீ ஏமாளி இல்லை. இவ்வளவு பெரிய குப்பா சத்தத்தைச் சும்மா விடாது என்று உனக்குத் தெரியும். அதனால் குப்பாவின் உட்புறத்துக்கு, சத்தத்தைக் குடிக்கிற துணி போர்த்திய பலகைகளைக் குறித்து வைத்தாய்.

டெங்கு உன்னைக் கொண்டுபோக ஒரு கிழமைதான் எடுத்தது. நீ போன பிறகு யாரோ ஒரு செல்வந்தர் குப்பாவின் உட்புறத்துக்குப் பொன்னெழுத்துப் பதித்த, பளபளக்கும் கண்ணாடி மொசைக்கை அன்பளிப்புச் செய்தார். பலகை அடித்தால் பொன்னெழுத்து மறையும் என்று பலகையை விட்டுவிட்டார்கள். நான் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். "உள்ளுக்குத் துணி போத்த இதென்ன மெத்தையா மிஸ்?" என்று ஹாஜியார் கேட்டார்.

உன் ஜனாஸா, உன் இறுதித் தொழுகை, அந்தப் பள்ளியில்தான் நடந்தது. அப்போது கீழே மட்டும் ஐவேளைத் தொழுகை நடக்கத் தொடங்கியிருந்தது, மேலே வேலையாட்கள் ஏறி நிற்கும் சாரம் இன்னும் கழற்றவில்லை. நம் பெண்கள் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நான் சைட்டைப் பார்க்க வந்தவளாகப் பின்படியால் மாடிக்கு ஏறினேன். கீழே உன் சந்தூக்குப் பெட்டியின் மேல் பச்சைத் துணி போர்த்தியிருந்தது. இரண்டு வருடம் கடதாசியில் பார்த்த அந்த மண்டபத்துக்குள் தொழுகைக்கு என்று நீ வந்தது அந்த ஒரே தடவைதான். ஜனாஸாத் தொழுகையில் 'அல்லாஹு அக்பர்' என்னும் தக்பீர் நான்கு என்று உனக்குத் தெரியும். இமாம் நான்கும் சொல்லி, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து, ஆட்கள் பெட்டியைத் தூக்கக் குனிந்த பிறகு எனக்கு இன்னொரு தக்பீர் கேட்டது. மெல்லிய குரல். என் பக்கத்தில் இருந்து வந்தது.

கொங்கிரீட் எதிரொலித்துச் செய்கிற வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்த படிப்பு அதற்காவது உதவவேண்டாமா? ஆனால் அடுத்த வாரம், சாரத்தின் மேல் தனியாக நின்று பெயின்ட் அடித்த சிங்கள ஆள், தூரிகையைக் கழுவாமலே இறங்கி வந்தார். "மேக்க ஹரி புதுமயி மிஸ்" என்றார். இது பெரிய விசித்திரமாக இருக்கிறது என்றவர், மேலே யாரோ தன் காதோடு மூச்சு விடுவதாகச் சொல்லிவிட்டு மிச்ச வேலைக்கு வரவே இல்லை.

பள்ளி திறந்ததும் முதல் நோன்பில் மாடி நிறைந்தது. அந்தத் தெருப் பெண்கள் பிள்ளைகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் தூக்கிக்கொண்டு படியேறியதை நீ பார்த்திருக்கவேண்டும். நோன்பு முடிந்த பிறகுதான் அது தொடங்கியது. மூன்றாவது ஜன்னலுக்கு நேரே, முதல் வரிசையில், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி. ஸஃப் என்ற தொழுகை வரிசையில் தோளோடு தோள் முட்டவேண்டும், இடையில் விட்ட இடத்தில் ஷைத்தான் வந்து நிற்பான் என்று குழந்தையில் இருந்தே கேட்டு வளர்ந்த பெண்கள் அவர்கள். அவர்களே அந்த இடத்தை விட்டு விலகி நின்றார்கள். வரிசை அந்த இடத்தில் பல் விழுந்தது போலப் பிளந்திருந்தது. பிறகு அந்த வரிசையே பின்னால் போனது. பிறகு ஆட்கள் குறைந்தார்கள்.

பள்ளிக்கு எதிர்ச் சந்தில் தையல் கடை வைத்திருக்கும் ஃபரீனா டெலிபோனில் எனக்குக் கோல் எடுத்தாள். அவள் கண்டியில் இருந்து கலியாணம் முடித்து வந்தவள். உன்னைக் கண்டதே இல்லை.

"மிஸ், அந்த எடத்துல நிக்க எங்களுக்கு ஏலா. காதுக்குள்ள ஆரோ மூச்சு விடுறாங்க."

"ஏசி சத்தமா இருக்கும் ஃபரீனா."

"ஏசிக்கு இழுப்பு வருமா மிஸ்? உள்ளுக்கு இழுக்கக்குள்ள கடைசில சின்ன விசிலொண்டு ஈக்கி."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் மூச்சைப் பற்றி ஃபரீனாவுக்குத் தெரிய வழியே இல்லை. அன்று ரயில் போய் மேசை நடுங்கியபோது இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஹாஜியாரும் அழைத்தார். அவருக்குப் பயமில்லை, கணக்குத்தான். "பத்துப் பொம்புளயளுக்கு அவ்வளவு பெரிய மாடி என்னத்துக்கு மிஸ்? வாற மாசம் அத மீட்டிங் ஹோலா மாத்துவம். ஜின் ஈக்கிற எடம் என்டு பேரும் வந்துட்டுது." ஒரு பேய்க்கதையை வைத்து உன் மாடியைப் பறிக்கப் பார்க்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே வந்து பார்க்கும்வரை ஒரு நாற்காலியைக்கூட மாடிக்கு ஏற்றவேண்டாம் என்றேன்.

பின்னேரத்து அஸர்த் தொழுகைக்குப் பின் போனேன். பள்ளி வெறிச்சோடியிருந்தது. மூன்றாவது ஜன்னலுக்கு நேரே நின்றுகொண்டு, பாங்கு சொல்லும் மோதினாரைக் கீழே, இமாம் பிரசங்கம் செய்யும் மிம்பருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவர் உதடு அசைவது மட்டும் தூரத்தில் தெரிந்தது. ஆனால் அவர் முணுமுணுத்த ஸலவாத்து என் இடது காதுக்குள் வந்து விழுந்தது. வெற்றிலை மெல்லும் சத்தம்கூடக் கேட்டது. விஷயம் விளங்கிவிட்டது. பளபளக்கும் அந்தக் குப்பா கீழே உள்ள சின்னச் சத்தங்களையெல்லாம் பொறுக்கி, அந்த ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது. நூற்றுக்கணக்கான ஆண்கள் கீழே மௌனமாக நின்றால், அவ்வளவு பேரின் மூச்சும் இங்கே ஒரே மூச்சாகும். அதில் எவருக்காவது இழுப்பு இருக்காதா? நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நீ உயிரோடு இருந்திருந்தால் இதைப் படம் கீறியே காட்டியிருப்பாய்.

மோதினார் ஏசியை நிறுத்திவிட்டு வெளியே போனார். அவர் வாசல் கேட்டடியில் செருப்பைத் தேடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அந்த ஊதல் குப்பாவுக்குள் நுழைந்து, சுற்றிச் சுற்றி, நெடுநேரம் கழித்து அடங்கியது. கீழே ஒருவரும் இல்லை. மேலே நான் மட்டும். அப்போது என் வலது காதில் மூச்சு கேட்டது. மெதுவாக உள்ளே போனது. கடைசியில் விசில்.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. "நீயா?" என்று கேட்டேன்.

பிறகு, என் தோளுக்குப் பக்கத்தில் இருந்து, என் குரல் அளவு கனமில்லாத ஒரு குரல், "நீயா?" என்று கேட்டது.

படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மோதினார் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அதுவும் என் குரல்தான், எதிரொலிதான். இதை எழுதும்போதும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் நான் கேட்டது ஏக்கத்தோடு. திரும்பி வந்த கேள்வியில் ஏக்கம் இருக்கவில்லை. இருட்டில் வந்து நிற்பது யார் என்று தெரிந்துகொள்ள ஒருவர் கேட்பது போல இருந்தது.

ஹாஜியாரிடம் மோதினாரின் முணுமுணுப்புக் கேட்ட கதையை மட்டும் சொன்னேன். அவரையே மாடிக்குக் கூட்டிப்போய் நிறுத்தி, கீழே மோதினாரைக் கிசுகிசுக்கச் செய்தேன். அவர் தொப்பியைக் கழற்றி, காதைத் தேய்த்து, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

"அப்ப பலக அடிச்சா இது நிக்குமா?"

"நிக்கும்."

"நிண்டா பொம்புளயள் வருவாங்களா?"

"வருவாங்க."

"வந்தா மாடி ஒங்களுக்கு. பொன்னெழுத்த நான் அன்பளிப்புக்காரர்ட்ட பேசிக்கொள்றன்."

வெற்றி என்றால் அதுதான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கவேண்டும். கொச்சிக்கடையில் பஸ்ஸுக்கு நின்றபோது அழுகை வந்தது. அந்தோனியார் கோயிலுக்கு மெழுகுதிரி வாங்கிப் போகிற சனத்துக்கு நடுவில் நின்று அழுதால் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பலகை அடித்தால் சத்தம் நிற்கும் என்று நான் சொன்னேன் அல்லவா? எதை நிறுத்தப் போகிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயந்து ஓடி வந்தவள் நான்தான். ஆனால் உன்னை அடக்கம் செய்த நாளில் இருந்து உலகத்தில் எங்கேயும் கேட்காத உன் மூச்சு, அந்த ஒரு சதுர அடியில் கேட்கிறது. அது குப்பாவின் வேலையாகவே இருக்கட்டும். எனக்கு அது போதுமாக இருந்தது. பலகையை ஒரு வருடம் தள்ளிப்போட எனக்கு ஆயிரம் சாட்டுத் தெரியும். அந்த ஒரு வருடத்தில் மாடி மீட்டிங் ஹோலாகிவிடும். பஸ் வெள்ளவத்தைக்கு வந்து சேரும்வரை உன்னையும் உன் மாடியையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும் தச்சனுக்குக் கோல் எடுத்து, அடுத்த கிழமையே வரச் சொன்னேன்.

பலகை அடிப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். மாடியில் சொற்பப் பெண்கள்தான். முதல் வரிசையில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. நான் போய் அதில் நின்றேன். ஃபரீனா என் பக்கம் வரவில்லை, ஆனால் போகவும் இல்லை, ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றாள். இமாம் தக்பீர் கட்டியதும் கீழே அத்தனை பேரும் மௌனமானார்கள். அந்த மௌனத்தில் மூச்சு வந்தது. கொஞ்சம் குளிராக, கொஞ்சம் அவசரமாக, கழுத்தோரம். பயந்தேன், உண்மை. ஆனாலும் விலகவில்லை. என் மூச்சை அதோடு சேர்த்து விட முயன்றேன். அது எனக்காக நிற்கவில்லை, தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், முதல் ரக்அத்தில் இமாம் என்ன ஓதினார் என்று எனக்குத் தெரியாது.

ஸலாம் கொடுத்ததும் ஃபரீனா மெதுவாகக் கேட்டாள்.

"கேட்டிச்சா மிஸ்?"

"ஓ, கேட்டிச்சு."

"ஆரு அது?"

குப்பாவைப் பற்றியும் மொசைக்கைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் அது வரவில்லை. "பயப்புடாதீங்க. எங்கட ஆள்தான்" என்றேன். அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் விட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு தன் தொழுகை விரிப்பை என் விரிப்போடு ஒட்டும்படி இழுத்துப் போட்டுக்கொண்டு, ஸுன்னத்துத் தொழ எழுந்தாள்.

பலகை அடித்து முடிந்தது. நீ குறித்த அதே கனம், அதே துணி. கடைசிப் பலகையை ஏற்றிய தச்சன், இப்போதுதான் காது அடைத்தது போல இருக்கிறது என்றான். நேற்று ஜும்ஆ. ஃபரீனா தெருவெல்லாம் சொல்லி, தன் கடைக்குத் துணி தைக்க வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மாடி நிறைந்தது. வரிசையில் எங்குமே இடைவெளி இல்லை. மூன்றாவது ஜன்னலுக்கு நேரே நான் முதலில் போய் நின்றேன். என் வலப்பக்கத்துப் பெண்ணின் முழங்கை என் விலாவில் குத்தியது. இடப்பக்கத்தவளின் பிள்ளை என் பாவாடையைப் பிடித்து இழுத்தது. தக்பீர் கட்டிய பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

ஒன்றுமே கேட்கவில்லை. துணியில் தண்ணீர் விழுந்தது போல மௌனம். ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்தபோது, நீ போனது எனக்கு முதன்முதலாக விளங்கியது. நெடுநேரம் தலை தூக்கவில்லை.

நாளைக்குக் களனிப் பள்ளியின் நிர்வாகசபையைச் சந்திக்கிறேன். துருக்கிப் பாணியா, குப்பாவே இல்லாத புதுப்பாணியா என்று அவர்களுக்குள் பெரிய இழுபறியாம். எந்தப் பாணி நல்லது என்று என்னிடம் கேட்பார்கள். முன்பென்றால் நான் ஒரு மணித்தியாலம் பேசுவேன். இப்போது எந்தப் பள்ளிக்குப் போனாலும் நான் அண்ணாந்து பார்ப்பதில்லை. பெண்களுக்கான படி எங்கே என்று கேட்கிறேன். பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று கேட்கிறேன். வெயிலோ மழையோ, அதைக் கொண்டுவந்து திறக்கும்வரை அங்கேயே நிற்கிறேன்.